டர்பன் வீட்டுக் கொல்லையில் சூடான உரக்குவியல்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சமையலறைக் கழிவை மக்க வைக்க முயன்று பாதியில் கைவிட்டவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: நாற்றம் தாங்கவில்லை. காரணமும் பெரும்பாலும் ஒன்றுதான். காய்கறித் தோல் தினமும் விழுகிறது, அதோடு கலக்கச் சருகு கையில் இல்லை. நுண்ணுயிர்ப் பொடி, வெல்லத் தண்ணீர், புளித்த மோர் என்று எதையாவது ஊற்றிப் பார்க்கும் முன் வீட்டில் ஒரு மூட்டை காய்ந்த சருகு இருக்கிறதா என்று பாருங்கள். கழிவை உரமாக்கும் பாக்டீரியாவும் பூஞ்சையும் ஏற்கெனவே அந்தச் சருகிலும் ஒரு பிடி தோட்ட மண்ணிலும் இருக்கின்றன. அவற்றுக்குக் குறைவது காற்றுதான்.

தமிழ்நாட்டிலிருந்து வரும் காணொளிகளைப் பார்த்துச் செய்பவர்கள் இன்னொரு இடத்திலும் தடுமாறுகிறார்கள். அங்கே சித்திரையும் வைகாசியும் உச்சி வெயில். இங்கே சித்திரையில் இலை உதிர ஆரம்பிக்கும், ஆடியில் குளிர். மழையோ அக்டோபரிலிருந்து மார்ச் வரை வெயிலோடு சேர்ந்தே வருகிறது. ஆகவே கழிவு வேகமாக அழுகும் மாதங்களில்தான் உலர்ந்த பொருள் கிடைக்காது. ஜூன், ஜூலை, ஆகஸ்டில் வறண்ட காற்று வீசும். சாலையோரப் புல் வைக்கோலாகிக் கிடக்கும். அந்த மூன்று மாதமும் சருகு சேர்க்கும் காலம்.

சருகுக் கணக்கு

நுண்ணுயிர்களுக்குக் கார்பன் எரிபொருள், நைட்ரஜன் உடல் கட்டும் பொருள். எடையில் 1 பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் இருந்தால் வேலை சீராக நடக்கும். காய்கறிக் கழிவில் இந்த விகிதம் 15–20, பச்சைப் புல்லிலும் ஏறக்குறைய அதேதான். காய்ந்த இலையில் 50–80. அட்டைப்பெட்டி, மரத்தூள் எல்லாம் 300-ஐத் தாண்டும்.

10 கிலோ சமையலறைக் கழிவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சுமார் 8 கிலோ வெறும் தண்ணீர். மீதி 2 கிலோ உலர்பொருளில் கார்பன் ஏறத்தாழ 900 கிராம், நைட்ரஜன் 56 கிராம், அதாவது விகிதம் 16. இதோடு 4 கிலோ சருகு கலந்தால் கார்பன் 1.7 கிலோவும் நைட்ரஜன் 29 கிராமும் கூடுகின்றன. மொத்த விகிதம் 31-க்கு வந்துவிடும். ஈரம் எவ்வளவு? 14 கிலோ கலவையில் 8.4 கிலோ தண்ணீர், அதாவது 60 விழுக்காடு. குவியலுக்கு வேண்டிய ஈரம் 50 முதல் 60 வரை. ஒரே சருகு இரண்டு கணக்கையும் நேராக்கிவிடுகிறது. கழிவு 10 என்றால் சருகு 4 என்று எடையில் நினைவு வைத்துக்கொள்ளலாம்.

தராசு வேண்டாம் என்பவர்களுக்கு வாளிக் கணக்கு: 20 லிட்டர் வாளி நிறைய நறுக்கிய சமையலறைக் கழிவு சுமார் 10 கிலோ இருக்கும்; அதே வாளியில் கையால் நொறுக்கிய சருகு 2 கிலோதான் பிடிக்கும். ஆகவே கழிவு 1 வாளிக்குச் சருகு 2 வாளி. இலேசாக அமுக்கிய பச்சைப் புல் வாளிக்கு 5 கிலோ, அதற்குச் சருகு 1 வாளி.

தினம் 1 கிலோ கழிவு விழும் வீட்டுக்கு மழைக்காலத்தின் 26 வாரத்துக்கும் சமையலறைக் கழிவுக்கு மட்டும் 73 கிலோ சருகு வேண்டும். 80 லிட்டர் பையில் நொறுக்கி நிரப்பினால் சுமார் 9 பை. பையின் வாயைக் கட்டி, மழை படாத இடத்தில், தரையில் படாமல் ஒரு பலகை மேல் அடுக்கி வையுங்கள். நனைந்த சருகு பைக்குள்ளேயே மக்கித் தொலையும்.

எந்த இலை? வேப்பக் குடும்பத்துச் சிரிங்கா மரத்தின் இலை மெல்லியது, விரைவில் மக்கும். ஆனால் காயைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள். சூடு ஏறாத குவியலில் ஒவ்வொரு காயும் முளைக்கும், பிறகு தோட்டம் முழுக்கச் சிரிங்காதான். மா இலையும் லிச்சி இலையும் மெழுகு பூசியதுபோல் இருப்பவை. முழுசாகப் போட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு ஆறு மாதம் ஆனாலும் இலையாகவே இருக்கும். புல்வெட்டும் இயந்திரத்தை அவற்றின் மேல் இரண்டு முறை ஓட்டினால் போதும். அட்டைப்பெட்டியை நாடா பிரித்து உள்ளங்கை அளவு கிழித்துப் போடலாம். மரத்தூள் கிடைத்தால் எந்த மரம் என்று கேளுங்கள்: வேலிக் கம்பத்துக்குப் பயன்படும் பச்சை நிறம் ஏறிய பைன் மரத்தில் ஆர்சனிக் சேர்ந்த மருந்து ஏற்றியிருப்பார்கள். அது தோட்டத்துக்கு ஆகாது.

எது போகலாம், எது கூடாது

காய்கறித் தோல், பழத் தோல், தேயிலை, காப்பித் தூள், கீரைத் தண்டு எல்லாம் போகும். தேயிலைப் பையைக் கிழித்து இலையை மட்டும் போடுங்கள், பல பைகளில் பிளாஸ்டிக் இழை இருக்கிறது. முட்டை ஓட்டை நசுக்காமல் போட்டால் அப்படியே திரும்பி வரும்.

தமிழ் வீடுகளில் தொல்லை கொடுப்பது சோறு. மீந்த சோற்றைச் சட்டியோடு கவிழ்த்தால் அது பந்தாகத் திரண்டு உள்ளே காற்று புகாமல் புளித்துப்போகும். இரண்டு வாரம் கழித்துக் கிளறும்போது கையில் அகப்படும் அந்த வழவழப்பான உருண்டையை உடைத்தால் வாந்தி நாற்றம் வரும். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் உண்டாகும் அமிலங்கள் அவை. சோற்றை உதிர்த்து, ஒரு பங்கு சோற்றுக்கு மூன்று பங்கு சருகு போட்டுப் பிசறிய பிறகே குவியலில் சேருங்கள். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாட்களில் மீந்த கூழுக்கும் இதே வழிதான், ஆனால் சருகு ஐந்து பங்கு. கூழை நேராக ஊற்றவே கூடாது.

பூசை முடிந்த மாலைகளை நூல் உருவிவிட்டுப் போடுங்கள். நைலான் நூல் மக்காது என்பது மட்டுமல்ல, கிளறும்போது தோட்ட ஃபோர்க்கின் முள்ளில் சுற்றிக்கொண்டு பிராணனை வாங்கும். வாழையிலையை நரம்போடு சேர்த்துக் குறுக்கே கிழிக்க வேண்டும், நடுத்தண்டைத் துண்டு துண்டாக நறுக்க வேண்டும். தேங்காய் ஓடு வேண்டாம். நாரைப் பிய்த்துப் போட்டால் மெதுவாகத்தான் மக்கும், ஆனால் குவியலுக்குள் காற்றுக்கு வழிவிடும், அதனால் நல்லதே. மாங்கொட்டையும் அவகாடோக் கொட்டையும் சுத்தியலால் உடைக்காவிட்டால் முளைவிடும்.

எண்ணெய் மிதக்கும் குழம்பு, ஊறுகாய், உப்புக் கருவாடு மூன்றும் வேண்டாம். எண்ணெய் துணுக்குகளின் மேல் படலமாகப் படிந்து காற்றைத் தடுக்கிறது. உப்பு உரத்தில் தங்கிச் செடியின் வேரைச் சுடுகிறது. மீன் தலை, இறைச்சி, எலும்பு ஆகியவை எலியை வரவழைக்கும். முதல் குவியலில் அவற்றைத் தொடவே வேண்டாம். நாய், பூனை மலமும் கூடாது. பிராய் எனும் இறைச்சி சுடும் அடுப்பின் சாம்பலில் வெறும் மரச்சாம்பலாக இருந்தால் குவியலுக்கு இரண்டு பிடி, அச்சில் வார்த்த பிரிக்கெட் கரியின் சாம்பலாக இருந்தால் ஒன்றுமே வேண்டாம். சுண்ணாம்பும் போடாதீர்கள்; காரத்தன்மை ஏறினால் நைட்ரஜன் அமோனியாவாகப் பறந்துவிடும்.

குதிரைச் சாணம் நல்ல பொருள்தான். ஆனால் மேய்ச்சல் நிலத்தில் அகன்ற இலைக் களைக்கு அடிக்கும் சில மருந்துகள் குதிரையின் வயிற்றையும் உரக்குவியலின் சூட்டையும் தாண்டி உயிரோடு வந்துவிடும். அப்படிப்பட்ட உரத்தில் தக்காளியும் அவரையும் இலை சுருண்டு சாகும்.

பெட்டி

சூடு தங்க வேண்டுமானால் குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 1 மீட்டராவது இருக்க வேண்டும். அதைவிடச் சிறியது உள்ளே பிறக்கும் சூட்டை வெளிப்பக்கமாக இழந்துவிடும். சரக்கு அடுக்கும் மரப் பேலட்டுகள் நான்கை நிமிர்த்தி மூலைகளில் கம்பியால் கட்டினால் பெட்டி தயார். பேலட்டில் எச்.டி. (HT) என்று முத்திரை இருந்தால் சூட்டில் பதப்படுத்தியது, எடுக்கலாம். எம்.பி. (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகையிட்டது, விட்டுவிடுங்கள். பக்கத்தில் இன்னொரு பெட்டிக்கு இடம் இருந்தால் கிளறும் வேலை பாதியாகக் குறையும்.

அடியில் 12 மில்லிமீட்டருக்கு மேற்படாத கண்ணுள்ள கம்பி வலை போட்டு, பக்கங்களில் ஒரு சாண் உயரத்துக்கு மடித்து ஏற்றுங்கள். எலி கீழிருந்துதான் குடைந்து வரும்.

மேலிருந்து வருவது குரங்கு. டர்பன் பக்கத்து வெர்வெட் குரங்குகளுக்குச் செங்கல் வைத்த மூடி ஒரு பொருட்டே இல்லை. ஒன்று செங்கலைத் தள்ளும், மற்றொன்று மூடியைத் தூக்கும். கீல் வைத்த வலை மூடியும் இரண்டு பக்கமும் கொக்கியும் வேண்டும். அதைவிட முக்கியம், பழத்தோல் எதுவும் மேலே தெரியக்கூடாது. ஒவ்வொரு முறை கழிவு போட்ட பிறகும் ஒரு சாண் சருகு மூடியிருந்தால் குரங்குக்கும் தெரியாது, பழ ஈயும் முட்டையிடாது. மழைக்குச் சரிவாக ஒரு தகரம், குவியலுக்கும் தகரத்துக்கும் நடுவே 10 சென்டிமீட்டர் இடைவெளி. தார்ப்பாயைப் போட்டு இறுக்கி மூடினால் அது ஊறுகாய்ப் பானையாகிவிடும்.

குவியல் கட்டும் நாள்

1 கன மீட்டர் நிரப்ப ஏறத்தாழ 50 வாளி வேண்டும்: சமையலறைக் கழிவு 5, பச்சைப் புல் 17, நொறுக்கிய சருகு 27. எடையில் பார்த்தால் பச்சை (கழிவும் புல்லும்) 135 கிலோ, சருகு 54 கிலோ, நாம் சொன்ன 10-க்கு 4. வீட்டுக் கழிவு மட்டும் அவ்வளவு சேராது. ஆகவே கழிவைச் சருகோடு கலந்து மூடியுள்ள டிரம்மில் வைத்திருந்து, புல் வெட்டும் நாளில் குவியலை ஒரே மூச்சில் கட்டுங்கள். தினம் ஒரு கிண்ணம் என்று போட்டுக்கொண்டே போனாலும் உரம் ஆகும், ஆனால் சூடு ஏறாது, ஒரு வருடம் பிடிக்கும்.

அடியில் கட்டைவிரல் பருமனுள்ள குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒரு சாண் உயரம் பரப்புங்கள். காற்று கீழிருந்து நுழைந்து, சூடேறி மேலே போகும். குச்சி அடுக்கு அதற்கு வாசல். ஆங்கிலேய வேளாண் அறிஞர் ஆல்பர்ட் ஹோவர்ட் 1924 முதல் 1931 வரை இந்தூரில் வகுத்த முறையில் பொருட்களை அடுக்கடுக்காகப் போடுவார்கள். அடுக்குவது அளவு தெரிய உதவும், ஆனால் அப்படியே விட்டால் புல் அடுக்கு பாய் போல் ஒட்டிக்கொள்ளும். தரையில் கொட்டிக் கலந்த பிறகு பெட்டியில் அள்ளிப் போடுவதே மேல். துண்டுகள் 2 முதல் 5 சென்டிமீட்டர் இருக்கட்டும். மிக்ஸியில் அரைப்பவர்கள் உண்டு. அரைத்த கூழில் காற்றுக்கு இடமே இருக்காது. பழைய உரம் இருந்தால் ஒரு வாளி தூவுங்கள், இல்லாவிட்டால் நாலு பிடி தோட்ட மண்.

ஈரம் பார்ப்பது எளிது. கைநிறைய அள்ளி முழு பலத்தோடு பிழியுங்கள். விரலிடுக்கில் இரண்டு மூன்று துளி தெரிந்தால் சரி. ஒழுகினால் சருகு போதவில்லை. கையைத் திறந்ததும் உருண்டை உதிர்ந்துவிட்டால் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த லெனேசியா பக்கத்தில் குளிர்காலம் வறண்டது, அங்கே இந்த உதிர்தல்தான் பெரும் பிரச்சினை, டர்பனிலோ ஒழுகுதல்.

உள்ளே நடப்பது

முதல் இரண்டு நாள் மிதமான சூட்டில் வாழும் பாக்டீரியா சர்க்கரையையும் மாவுச்சத்தையும் தின்று பெருகும். அமிலங்கள் உண்டாவதால் இலேசான புளிப்பு வாசனை வரும், பயப்பட வேண்டாம். அவை மூச்சுவிடும்போது வெளிப்படும் சூடுதான் குவியலைச் சூடேற்றுகிறது. 45 பாகை செல்சியசைத் தாண்டியதும் அவை ஒதுங்க, பேசில்லஸ் போன்ற வெப்பம் விரும்பும் இனங்கள் வந்து புரதத்தையும் கொழுப்பையும் பிரிக்கும். நாலாம் ஐந்தாம் நாளில் நடுப்பகுதி 55–65 தொடும். நோய்க்கிருமியும் களை விதையும் சாவது இந்தக் கட்டத்தில்தான்: 55-க்கு மேல் விடாமல் மூன்று நாள் இருந்த பகுதியில் பெரும்பாலானவை அழிந்துவிடும். வெளி ஓரம் அவ்வளவு சூடாகாது என்பதால்தான் கிளறுகிறோம். 70-ஐ நெருங்கினால் வேலை செய்யும் நுண்ணுயிர்களே வெந்துபோகும்.

பூஞ்சைக்கும், இழைபோல் வளரும் பாக்டீரியாவான ஆக்டினோமைசீட்டுகளுக்கும் மிஞ்சியது நார்ச்சத்தும் மரச்சத்தும். சூடு இறங்கும்போது ஓரங்களில் சாம்பல் தூவியதுபோல் வெள்ளை இழை படருமே, அது பாசியோ நோயோ அல்ல, ஆக்டினோமைசீட்டுகள். முதல் மழையில் எழும் மண்வாசனையைத் தருவதும் இந்த இனம்தான். ஆனால் அந்த வெள்ளை நடுவில் கனமாகப் படிந்து, தொட்டால் தூசியாகப் பறந்தால் குவியல் காய்ந்துபோயிற்று என்று பொருள்.

நீண்ட தண்டுள்ள வெப்பமானி இல்லையென்றால் ஓர் இரும்புக் கம்பியை நடுவில் செருகி 10 நிமிடம் வையுங்கள். வெளியே இழுத்துப் பிடித்தால் கை பொறுக்காமல் விட வேண்டும். அது 55-க்கு மேல். வெதுவெதுப்பாக இருந்தால் 40-க்குக் கீழே.

கிளறுதல்

நாள் பார்த்துக் கிளறாதீர்கள், சூடு பார்த்துக் கிளறுங்கள். 65-ஐத் தாண்டினாலோ, ஏறியிருந்த சூடு 45-க்கு இறங்கினாலோ அது நேரம். பொதுவாக முதல் முறை ஒரு வாரத்துக்குள், பிறகு 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை, மொத்தம் நான்கைந்து தடவை. வெளியே இருந்தது உள்ளே, மேலே இருந்தது அடியில் போக வேண்டும். கிளறிய மறுநாள் சூடு திரும்ப ஏறினால் உணவு இன்னும் இருக்கிறது. ஈரமும் சரியாக இருந்து சூடு ஏறவே இல்லையென்றால் சூட்டுக் கட்டம் முடிந்தது.

கையை விடும் முன் ஃபோர்க்கைக் குத்திப் பாருங்கள். வெதுவெதுப்பான குவியலில் பாம்பு முட்டையிடுவதும் படுப்பதும் உண்டு. காய்ந்த உரத்தூசியில் லெஜியோனெல்லா பாக்டீரியா இருக்கக்கூடும், நுரையீரலைத் தாக்கும். முதலில் தண்ணீர் தெளித்து, காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று, கையுறையும் முகக்கவசமும் போட்டுக் கிளறுங்கள். வயதானவர்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் இந்த வேலையை இளையவர்களிடம் விட்டுவிடலாம்.

கோளாறுகள்

அழுகிய முட்டை நாற்றம் என்றால் காற்றில்லை. அன்றே பிரித்து, மூன்றில் ஒரு பங்கு சருகு சேர்த்துத் திரும்பக் கட்டினால் மறுநாளே நாற்றம் குறையும். மூக்கைக் குத்தும் அமோனியா என்றால் பச்சை அதிகம், பெரும்பாலும் புல். கிழித்த அட்டை போடுங்கள். சூடே ஏறாததற்கு மூன்று காரணம் உண்டு: அளவு சிறிது, ஈரம் போதாது, பச்சை போதாது. இந்த வரிசையிலேயே பாருங்கள். எறும்பு புற்று வைத்தால் குவியல் காய்ந்திருக்கிறது.

புழுக்கள்தான் பலரை அலறவைக்கும். தட்டையான, பழுப்பு நிற, கண்ணி கண்ணியாக இருக்கும் புழு கருப்புப் படைவீரர் ஈயின் குட்டி. ஈரமும் பச்சையும் மிகுந்தால் வரும், கெடுதல் செய்யாது, சருகு கூடினால் தானே போய்விடும். சுண்டுவிரல் தடிமனில், வெள்ளையாக, அரைவட்டமாகச் சுருண்டு கிடப்பது வண்டுப் புழு. அதைச் சமதரையில் விட்டுப் பாருங்கள். மல்லாந்து, கால்களை வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு முதுகால் ஊர்ந்து போனால் அது பழவண்டுக் குட்டி. மக்கியதைத்தான் தின்னும், குவியலிலேயே விடுங்கள். குப்புற நகர்ந்தாலோ, நகராமல் சுருண்டே கிடந்தாலோ வேர் தின்னும் வகையாக இருக்கலாம். புல்தரையில் எறிந்தால் ஹடீடாப் பறவை பார்த்துக்கொள்ளும்.

கொல்லை சிறியதென்றால்

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் சுவர் ஒட்டிக் கட்டிய வீடுகளில் 1 மீட்டர் பெட்டிக்கு இடமிருக்காது. மூடியுள்ள 210 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மில் சுற்றிலும் 15 சென்டிமீட்டருக்கு ஒன்றாக 10 மில்லிமீட்டர் துளைகள், அடியில் 10 துளைகள் போட்டு, இரண்டு செங்கல் மேல் நிறுத்துங்கள். உணவுப் பொருள் வந்த டிரம்மாகப் பார்த்து வாங்குங்கள். அளவு அதே 1-க்கு 2. நடுவில் ஒரு கம்பைச் செருகி மூன்று நாளுக்கு ஒருமுறை கிண்டுங்கள். சூடு 40–50-ஐத் தாண்டுவது அரிது. ஆகவே களை விதையும் நோய்பட்ட தக்காளிச் செடியும் இதில் வேண்டாம். டிரம் நிறைந்ததும் நிறுத்தி, இரண்டாவது டிரம்மைத் தொடங்குங்கள். முதலாவது நாலைந்து மாதத்தில் முடியும்.

முதிர்தல்

சூடு அடங்கியதும் உரம் ஆகிவிட்டதாக நினைத்துச் செடிக்குப் போடுவது பொதுவான தவறு. பாதி மக்கியது மண்ணிலுள்ள நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும், இலை வெளிறும். இலேசான ஈரத்தோடு மூடி ஆறு வாரம் வையுங்கள். பிறகு ஒரு பிடியை பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி மூன்று நாள் கழித்துத் திறங்கள். மண்வாசனை வந்தால் ஆயிற்று. புளித்தாலோ நாறினாலோ இன்னும் இரண்டு வாரம். குதிரைச் சாணம் சேர்த்திருந்தால் ஒரு தொட்டியில் அவரை விதை ஊன்றி, இரண்டாவது ஜோடி இலை நேராக விரிகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

12 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தால் தொடக்கக் குவியலில் பாதியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை தேறும். கடலோரத்துச் செம்மணலில் கொத்தமல்லிக்கும் மிளகாய்க்கும் 3 சென்டிமீட்டர் பரப்பி மேல்மண்ணோடு கிளறிவிடுங்கள். கறிவேப்பிலை மரத்துக்குத் தண்டிலிருந்து ஒரு கை தள்ளி வட்டமாகப் போடுங்கள். தொட்டி மண்ணில் நான்கில் ஒரு பங்கு போதும், வெறும் உரத்திலேயே நட்டால் உப்பு மிகுந்து நாற்று கருகும். சல்லடையில் தங்கிய குச்சியையும் நாரையும் எறிந்துவிடாதீர்கள். அவற்றிலும் நுண்ணுயிர் ஒட்டியிருக்கும். அடுத்த குவியலின் அடி அடுக்கில் பரப்ப வேண்டியது அதுவே.